சிவப்புப் பட்டியலில் வீட்டுக்காரர்

அட்டையக்காவிடம் பொய் சொல்லித் தப்பித்தவர்கள் அந்த ஆஸ்பத்திரியில் மிகக் குறைவு. தப்பித்த அந்தச் சிலரில் ஒருவர் அவளோடு ஒரே வீட்டில் குடியிருந்தார். அதை முதலில் மோப்பம் பிடித்தது அவள் இல்லை, ஒரு கம்ப்யூட்டர். அந்த வயிற்றெரிச்சல்தான் இந்தக் கதை.

ஆஸ்பத்திரியின் நாலாவது மாடியில் இதயப் பிரிவு. பத்துப் படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவர்களுக்கான பிரிவை நாலாவது மாடியில் கொண்டுபோய் வைத்த புண்ணியவான் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. அங்கே தாழ்வாரத்தின் கடைசியில் கம்பி போட்ட ஒரு ஜன்னல். அதற்குப் பின்னால் இருபத்தைந்து வருஷமாக உட்கார்ந்து மருந்து கொடுக்கிறவள்தான் அட்டையக்கா. அது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. காலி மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து காட்டினால்தான் அடுத்த மாதத்து மாத்திரை என்று அவளாகவே ஒரு சட்டம் போட்டிருந்தாள். ஆஸ்பத்திரி விதிகளில் அப்படி எதுவும் கிடையாது. அட்டை கொண்டுவராதவரை வெறுங்கையோடு அனுப்பிவிடுவாள் என்றில்லை. ஆனால் ஐந்து நிமிஷம் குடைந்தெடுக்காமல் அனுப்ப மாட்டாள்.

காலி அட்டையில் அப்படி என்ன இருக்கிறது என்று யாராவது தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் போச்சு, பாடமே நடத்துவாள். தினம் ஒன்றாகப் போடுகிறவரின் அட்டை கசங்கியிருக்கும், ஒரு மூலை மடங்கியிருக்கும். சட்டைப் பையிலும் தலையணைக்கு அடியிலும் கிடந்த அழுக்கு ஒட்டியிருக்கும். ஒரு குழி கட்டைவிரலால் அமுக்கியது, இன்னொன்று நகத்தால் கிழித்தது, வேறொன்று அவசரத்தில் பல்லால் கடித்தது. டாக்டரைப் பார்க்க வருகிற அன்று காலையில் பத்தையும் ஒரே மூச்சில் பிதுக்கித் தள்ளியவரின் அட்டையோ இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருக்கும். வாசல் பெருக்கும் அம்மா ஒருத்தி உண்டு. செவ்வாய்க்கிழமை இதய நோயாளிகள் வந்துபோனதும் குப்பைத்தொட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தத் தொட்டிக்கு இனிமே ஜென்மத்துக்கும் மாரடைப்பு வராது" என்பாள்.

பிடிபட்டவர்களை அக்கா ஒருநாளும் திட்டியதில்லை. அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அது வேறு விஷயம். ஆனால் ஜன்னலில் உட்கார்ந்துவிட்டால் கோபத்தை எங்கேயோ கழற்றி வைத்துவிடுவாள். அசடு வழிய நிற்கிறவரைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்லுவாள்: "நிஜத்தைச் சொன்னதுக்கு நன்றிங்க. இப்ப ஏன்னு சொல்லுங்க."

அந்த 'ஏன்'னுக்கு வராத பதில் இல்லை. மாத்திரையின் நிறம் மாறிவிட்டது, வேறு யாருடையதோ என்று பயந்து நிறுத்திவிட்டேன் என்றார் ஒருவர். நெஞ்சு வலி போய்விட்டதே, பிறகு எதற்கு என்றார் இன்னொருவர். மனைவிக்கும் படபடப்பு இருக்கிறது, அதனால் ஆளுக்குப் பாதியாக உடைத்துச் சாப்பிடுகிறோம் என்று பெருமையாகச் சொன்ன தம்பதி கூட உண்டு. எல்லாவற்றையும் கேட்டுக்கேட்டு, ஜன்னலை நோக்கி ஒருவர் வருகிற தினுசிலேயே அவர் மாத்திரையைத் தொடர்ந்து போடுவாரா, விட்டுவிடுவாரா என்று அவளால் சொல்ல முடிந்தது. கேட்பதற்கு முன்பே "எல்லாம் கரெக்டா போடறேங்க" என்று ஆரம்பிக்கிறவர் மூன்று மாதத்தில் நிறுத்திவிடுவார். "இதெல்லாம் ஒரு மாத்திரையா, வாயெல்லாம் கசக்குது, மனுஷன் போடுவானா" என்று சண்டைக்கு நிற்கிறவர் கடைசிவரை போடுவார். எழுதி வைத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்காரரைப் பற்றி இப்போது சொல்லியாக வேண்டும். அதே ஆஸ்பத்திரியில் அவர் லிஃப்ட்காரர். ஸ்ட்ரெச்சர் நுழைகிற பெரிய லிஃப்ட் அது. இழுத்து மூடுகிற கம்பிக் கதவு, சுவரில் ஒரு டெலிஃபோன், மூலையில் ஒரு முக்காலி. ஒவ்வொரு மாடி வரும்போதும் அவர் அறிவிப்பார்: "ஒண்ணு, கண்ணு. ரெண்டு, குழந்தைங்க. மூணு, எலும்பு. நாலு, இதயம்." அக்கா வேலைக்குச் சேர்ந்த புதிதில், அந்த 'நாலு, இதயம்' மட்டும் கொஞ்சம் குழைந்து வருவதைக் கவனித்தாள். தரையிலிருந்து நாலாவது மாடிக்கு ஐம்பது விநாடி. கண்ணும் குழந்தையும் எலும்பும் இறங்கிப் போனபிறகு, மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவே இருவரும் தனியாக இருந்தது பத்து விநாடி. அவர்கள் கல்யாணப் பேச்சு முழுவதும் அந்தப் பத்து விநாடிகளில்தான் நடந்தது. அதனால்தான் முடிவாக ஒன்றரை வருஷம் இழுத்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில், 'மூணு, எலும்பு' என்று சொன்னவர் 'நாலு' சொல்லாமல் முக்காலியிலிருந்து சரிந்தார். கொண்டுபோக வேண்டிய இடம் அடுத்த மாடியாக இருந்ததால் பிழைத்தார். ஆனால் இதயத்தின் பலம் பாதியாகக் குறைந்துவிட்டது. காலையில் நான்கு மாத்திரை, இரவில் ஒன்று என்று எழுதிக் கொடுத்தார்கள். காலை நான்கில் ஒன்று நீர் மாத்திரை. பலமில்லாத இதயம் உடம்பில் தேங்கவிடும் தண்ணீரைச் சிறுநீராக வெளியே தள்ளுகிற மாத்திரை. அதை விட்டால் முதலில் கால் வீங்கும், பிறகு தண்ணீர் நுரையீரலுக்கு ஏறும், பிறகு படுக்க முடியாது, பிறகு என்ன என்பதை அக்காவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் ஜன்னலுக்கு வருவதை நிறுத்திவிட்ட பல பேரின் கதை அது.

ஆகவே வீட்டில் அவள் ஏற்பாடு பலமாக இருந்தது. ஏழு நாளுக்கு ஏழு அறை வைத்த பிளாஸ்டிக் டப்பா ஒன்றை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைதோறும் தானே மாத்திரைகளைப் பிதுக்கி நிரப்பினாள். அவருக்குக் காலை ஏழு மணி ஷிஃப்ட். அவள் குளித்துவிட்டு வருவதற்குள் கிளம்பிப் போயிருப்பார். அன்றைய அறை காலியாக இருக்கும். அவளுக்குத் திருப்தி. 'டப்பா காலின்னா டப்பா காலி, அவ்வளவுதான். வயித்துக்குள்ள போச்சுன்னு அது சாட்சி சொல்லுமா?' என்று ஜன்னலில் நூறு பேரிடம் கேட்டவள், தன் வீட்டு டப்பாவை மட்டும் அப்படியே நம்பினாள்.

இன்னொன்றும் உண்டு. ஜன்னலில் கழற்றி வைக்கிற கோபம் எங்கே போகும்? வீட்டுக்குத்தான் வரும். முதல் மாதத்தில் ஒருநாள் இரவு மாத்திரையை மறந்துவிட்டேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார் மனுஷர். அவ்வளவுதான். அன்று ஆரம்பித்த வசவு மறுநாள் மதியம்வரை ஓய்வில்லாமல் நடந்தது. அவருடைய அக்காவுக்கு ஃபோன் போனது. கட்டிக்கொடுத்த மகளுக்கு ஃபோன் போனது. மகள் அங்கிருந்து ஒரு பாட்டம் அழுதாள். அதற்குப் பிறகு அவர் எதையும் மறக்கவில்லை, அதாவது மறந்ததாகச் சொல்லவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர்காரர் வந்து சேர்ந்தார். முப்பது வயது, சோடாபுட்டிக் கண்ணாடி, எதற்கெடுத்தாலும் 'மன்னிக்கணும்' என்று ஆரம்பிக்கிற பழக்கம். யார் மாத்திரையை நிறுத்தப்போகிறார்கள் என்று முன்கூட்டியே சொல்கிற ஒரு ஏற்பாட்டை அவர் செய்திருந்தார். வயது, வேலை, எத்தனை மாத்திரை, எந்தத் தேதியில் வாங்கினார், ஒவ்வொரு முறையும் எடை என்ன, இதையெல்லாம் பழைய நோயாளிகள் ஆயிரக்கணக்கானவர்களோடு ஒப்பிட்டு, திங்கட்கிழமை காலையில் இருபது பெயரைச் சிவப்பு எழுத்தில் துப்பும். அந்த இருபது பேரில் பத்துப் பேர் வீட்டுக்கு ஒரு நர்ஸ் நேரில் போவார். மற்றவர்களுக்கு அக்கா ஜன்னலிலிருந்து ஃபோன் செய்வாள். பட்டியலில் யாராவது தேவையில்லை என்று தோன்றினால் அக்கா அடித்துவிடலாம், ஆனால் பக்கத்தில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"நான் கண்ணால பார்த்துச் சொல்றதைத்தானே இதுவும் சொல்லுது? இதுக்கு எதுக்குத் தம்பி கரண்டு?" என்று முதல் நாள் கேட்டாள்.

"மன்னிக்கணுங்க அக்கா. உங்க ஜன்னலுக்கு வர்றவங்களை நீங்க பார்ப்பீங்க. வராதவங்களை யாரு பார்ப்பாங்க?" என்றார் அவர். அக்கா அவருக்கு ஒரு டீ சொன்னாள்.

எட்டு வாரம் இருவரும் போட்டி போட்டார்கள். பட்டியல் சொன்னவர்களில் அவள் அடித்த பெயர்கள் பதினொன்று. அதில் பத்துப் பேர் ஒழுங்காக மாத்திரை போடுகிறவர்களாகவே இருந்தார்கள். அக்காவைக் கையில் பிடிக்க முடியவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "பதினொண்ணுக்குப் பத்து" என்றாள்.

ஒன்பதாவது திங்கட்கிழமை வந்த பட்டியலில் ஏழாவது வரியில் அவள் வீட்டுக்காரரின் பெயர் இருந்தது.

முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றது. பட்டியலைத் தூக்கிக்கொண்டு கம்ப்யூட்டர்காரரின் அறைக்கே போய்விட்டாள்.

"உங்க மெஷின் என் வீட்டுக்குள்ள வந்து பார்த்துச்சா?"

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "மன்னிக்கணுங்க அக்கா. எடை கொஞ்சம் கொஞ்சமா ஏறியிருக்கு, அஞ்சு மாத்திரை, ஷிஃப்ட் வேலை. இது மாதிரி இருக்கிறவங்கள்ல நிறைய பேரு விட்டுடறாங்கன்னு சொல்லுது. யாருன்னு மட்டுந்தான் அதுக்குத் தெரியும். ஏன்னு தெரியாது."

"எனக்கு எல்லாமே தெரியும். டப்பாவை நிரப்பறது நானு." பேனாவை வாங்கி அந்தப் பெயரை ஒரே கோடாக அடித்தாள். பக்கத்தில் எழுதினாள்: 'வீட்டு ஆள். நான் பொறுப்பு.' கையெழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டாள்.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்காரர் ஷூவின் பின்பக்கத்தை மிதித்து, செருப்பு மாதிரி இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சாக்ஸைக் கழற்றியபோது கணுக்காலைச் சுற்றி ஆழமாக ஒரு வளையம். அக்கா கீழே உட்கார்ந்து கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

"இது என்னங்க?"

"முக்காலி உசரம். நாள் முழுக்கக் காலு தொங்குதுல்ல."

"மாத்திரையெல்லாம் போடறீங்கதானே?"

"எல்லாம் கரெக்டா போடறேன்ம்மா."

ஜன்னலில் வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் அவளுக்கு உடனே மணியடித்திருக்கும். சொன்னவர் வீட்டுக்காரர் ஆயிற்றே, அதனால் அவள் சமையலில் உப்பைக் குறைத்தாள். அன்றைக்கு அவர் தலைக்கு இரண்டு தலையணை வைத்துக்கொண்டு படுத்ததைப் பார்த்தாள். வியாழக்கிழமைக்கு இதயப் பிரிவு டாக்டரம்மாவிடம் நேரம் வாங்கினாள். மனதுக்குள் ஏதோ உறுத்தியது. ஆனால் 'நான் பொறுப்பு' என்று எழுதிக் கொடுத்தவளுக்கு அந்த உறுத்தலை எடுத்து வெளிச்சத்தில் பார்க்கத் தைரியம் வரவில்லை. உப்பில்லாத சாப்பாட்டை அந்த மனுஷர் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார்.

புதன்கிழமை, சிவப்புப் பட்டியலில் இருந்த ஒரு பஸ் டிரைவர் ஜன்னலுக்கு வந்தார். அட்டைகளை நீட்டினார். மற்ற மூன்று அட்டையும் கசங்கிக் கந்தலாக இருந்தன. நீர் மாத்திரை அட்டை மட்டும் இஸ்திரி போட்டது. அக்கா அதைத் தனியாக எடுத்து அவர் முன்னால் வைத்தாள். டிரைவர் பின்கழுத்தைச் சொறிந்தார்.

"வேலை நாள்ல போடறதில்லக்கா."

"நிஜத்தைச் சொன்னதுக்கு நன்றிங்க. இப்ப ஏன்னு சொல்லுங்க."

"அதைப் போட்டா ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஓயாம ஒண்ணுக்குப் போகணும். நான் ஓட்டறது பஸ்ஸு. நடு ரோட்டுல நிறுத்திட்டு, அறுபது பேருகிட்ட 'கொஞ்சம் இருங்க, இதோ வந்துடறேன்'னு சொல்ல முடியுமா? அதான் லீவு நாள்ல மட்டும் போட்டுக்கறேன். நானா யோசிச்சதுகூட இல்லக்கா. போன தடவை வந்தப்ப பேச்சுவாக்குல புலம்பினேன், அவருதான் வழி சொன்னாரு. அவரும் ரெண்டு மாசமா அப்படித்தான் சமாளிக்கிறாராம்."

"எவரு?"

"உங்க லிஃப்ட்காரருதான். தங்கமான மனுஷன்."

அக்கா அந்த இஸ்திரி அட்டையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். டிரைவரிடம், டாக்டரம்மாவைப் பார்க்காமல் போகக் கூடாது என்று சொல்லி பெஞ்சில் உட்கார வைத்தாள். வேலை நேரத்தில் இருபத்தைந்து வருஷமாக மூடாத ஜன்னலை மூடி, 'பத்து நிமிஷத்தில் வருகிறேன்' என்று ஒரு தாளில் எழுதி ஒட்டினாள். நேராக லிஃப்டுக்குப் போனாள்.

லிஃப்ட் வந்தது. "நாலு, இதயம்" என்றவர் அவள் முகத்தைப் பார்த்ததும் முக்காலியிலிருந்து எழுந்து நின்றார். அவள் உள்ளே போய் மூலையில் நின்றாள். மூன்றாவதில் கட்டுப்போட்ட கையோடு ஒருவர் ஏறினார். இரண்டாவதில் ஒரு குடும்பமே ஏறியது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு தரைவரை போனாள். மறுபடி மேலே. கண்ணும் குழந்தையும் எலும்பும் இறங்கிப் போய், பழைய பத்து விநாடி வந்தது.

"நீர் மாத்திரை எங்க?"

"எந்த... நாலு, இதயம்." கதவு திறந்தது. இரண்டு பேர் ஏறினார்கள். மீண்டும் கீழே, மீண்டும் மேலே. இந்த முறை இறங்குகிற கூட்டம் இறங்குவதற்கு முன்பே அவர் குனிந்து முக்காலிக்கு அடியில் கைவிட்டு, ஒரு பழைய மிட்டாய் டப்பாவை எடுத்து அவள் கையில் கொடுத்தார். குலுங்கியது. திறந்தால் வெள்ளை வெள்ளையாக ஐம்பது மாத்திரைக்குக் குறையாது.

பக்கத்தில் நின்ற அம்மாள் எட்டிப் பார்த்தாள். "தலைவலி மாத்திரைங்களா? எனக்கொண்ணு குடுங்களேன்."

"உங்களுக்கு ஆகாதும்மா" என்று அக்கா டப்பாவை மூடினாள். அந்த அம்மாள் மூன்றாவதில் முனகிக்கொண்டே இறங்கினாள்.

"தூக்கிப் போட்டிருக்க வேண்டியதுதானே?"

"நீ எண்ணி எடுத்து வச்சது. தூக்கிப் போட மனசு வரல."

நாலு, இதயம். மறுபடி கீழே. அவள் இறங்குவதாக இல்லை. அடுத்த பத்து விநாடியில் அவரே ஆரம்பித்தார்.

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒண்ணுக்கு அடக்க முடியலைன்னு அஞ்சே நிமிஷம் லிஃப்டை விட்டுட்டுப் போனேன். திரும்பி வந்தா கீழ ஒரு ஸ்ட்ரெச்சர் காத்துக்கிட்டு நிக்குது. நெஞ்சு வலி. நல்லவேளை, அந்தாளுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா நானும் அப்படிப் படுத்துக்கிட்டு மேல போனவன்தானே."

கதவு திறந்து மூடியது. கீழே போய் மேலே வந்தார்கள். அக்காவுக்குத் திட்ட வேண்டியது மலையளவு இருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அவர் கம்பிக் கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உன் ஜன்னல்ல வந்து நின்னிருந்தா சொல்லியிருப்பேன். அங்க நீ நன்றி சொல்லுவே. வீட்டுல இருக்கிறது வேற ஆளு."

லிஃப்ட் நின்றது. நாலாவது மாடியைச் சொல்ல அவர் மறந்துவிட்டார். அக்கா மிட்டாய் டப்பாவோடு இறங்கி, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள்.

வியாழக்கிழமைவரை காத்திருக்க வேண்டாம், இப்போதே கூப்பிடுங்கள் என்றார் டாக்டரம்மா. லிஃப்டைப் பார்த்துக்கொள்ள மாற்று ஆள் வந்தபிறகுதான் மனுஷர் நகர்ந்தார். எடை மூன்று கிலோ ஏறியிருந்தது. டாக்டரம்மா முதுகில் குழாய் வைத்துக் கேட்டார், காலை அமுக்கிப் பார்த்தார். நுரையீரலின் அடியில் தண்ணீர் எட்டிப் பார்க்க ஆரம்பித்திருக்கிறது, இன்னும் இரண்டு வாரம் விட்டிருந்தால் கதை வேறு என்றார். நாலு நாள் லீவில் இருந்து தண்ணீரை வடிக்கும்படி சொல்லிவிட்டு, கடைசியில் கேட்டார்:

"உங்க ஷிஃப்ட் எத்தனை மணிக்கு முடியுது?"

"மூணு மணிக்குங்க."

"அப்ப அந்த ஒண்ணை மட்டும் வீட்டுக்குப் போய் நாலு மணிக்குப் போடுங்க. காலையிலதான் போடணும்னு உங்களுக்கு ஒண்ணும் கட்டாயமில்ல." சீட்டில் ஒரு வரி எழுதினார். "இதுக்காங்க இத்தனை நாள் உயிரைப் பணயம் வச்சீங்க?"

ஒரே ஒரு வரி. அக்கா அந்தச் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு, மடக்கி, மறுபடி பிரித்துப் படித்தாள். பஸ் டிரைவருக்கும் அவர் ஷிஃப்டைக் கேட்டு அதே மாதிரி ஒரு வரி கிடைத்தது. லிஃப்ட்காரரை பெஞ்சில் பார்த்ததும் டிரைவர் உற்சாகமாகக் கையை ஆட்டினார். இவர் பார்க்காதது மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டார்.

சாயங்காலம் அக்கா கம்ப்யூட்டர்காரரைத் தேடிப் போனாள். திங்கட்கிழமைப் பட்டியலை எடுக்கச் சொல்லி, தான் போட்ட கோட்டுக்குக் கீழே அந்தப் பெயரை மறுபடி சிவப்பு மையில் எழுதினாள். 'நான் பொறுப்பு' என்பதை மட்டும் அடிக்கவில்லை.

"பதினொண்ணுக்குப் பத்து இல்ல தம்பி. பன்னெண்டுக்குப் பத்து."

"மன்னிக்கணுங்க அக்கா" என்றார் அவர், தான் ஜெயித்தது தெரியாதவர் போல.

"மன்னிப்பு இருக்கட்டும். யாருன்னு உங்க மெஷின் சொல்லிடுது. அது பக்கத்துல 'ஏன்'னு ஒரு கட்டம் போடுங்க. அதை நான் நிரப்பறேன்."

கட்டம் வந்தது. ஒரு மாதத்தில் அது நிரம்பியபோது பார்த்தால், நீர் மாத்திரையை விட்டவர்களில் காவல்காரர் ஒருவர், டிக்கெட் கொடுக்கும் பெண் ஒருத்தி, வகுப்பை விட்டு நகர முடியாத டீச்சர் இரண்டு பேர். உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்க முடியாத ஜாதி. எல்லோருக்கும் நேரத்தை மாற்றி எழுதினார் டாக்டரம்மா. அக்காவின் வீட்டுக்காரர் இப்போது நாலு மணிக்கு மாத்திரையைப் போட்டுவிட்டு, ஆறரைவரை வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை. ஷூ பழையபடி காலில் ஏறியது. தலையணை ஒன்றாகக் குறைந்தது. உப்பும் பழைய அளவுக்கு வந்தது. அதுவே குறைச்சல்தான், ஆனாலும் வந்தது.

ஆனால் பட்டியலில் அவர் பெயர் மட்டும் வாராவாரம் வந்துகொண்டே இருந்தது. பழைய எடைக் கணக்கு உள்ளே இருப்பதால் இன்னும் மூன்று மாதத்துக்கு அப்படித்தான் வரும், வேண்டுமானால் எடுத்துவிடுகிறேன் என்றார் கம்ப்யூட்டர்காரர்.

"இருக்கட்டும்" என்றாள் அக்கா. அடிக்கவும் இல்லை.

பட்டியலில் இருந்தால் ஃபோன் செய்ய வேண்டும், அதுதான் முறை. திங்கட்கிழமை பதினோரு மணிக்கு வரிசையாக ஃபோன் செய்துகொண்டு வந்தவள், அவர் பெயர் வந்ததும் லிஃப்ட் டெலிஃபோன் எண்ணைச் சுழற்றினாள்.

"வணக்கங்க. இதயப் பிரிவு மருந்து ஜன்னல்லேர்ந்து பேசறேன். இந்த வாரம் மாத்திரையெல்லாம் போட்டீங்களா?"

அந்தப் பக்கம் லிஃப்டின் உறுமல் கேட்டது. "ரெண்டு, குழந்தைங்க" என்று யாருக்கோ சொன்னார். கம்பிக் கதவு இழுபட்டது. பிறகு ஃபோனில் வந்தார்.

"ஆறு நாள் போட்டேங்க. சனிக்கிழமை மட்டும் நீர் மாத்திரையை விட்டுட்டேன்."

சனிக்கிழமை இருவரும் அவளுடைய அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தார்கள். நாலு மணிக்கு அவளே மாத்திரையைக் கையில் கொடுத்தாள். 'போட்டாச்சா?' என்று கேட்டாள். 'போட்டாச்சு' என்று தலையாட்டினார் அந்த மகானுபாவர். அக்காவுக்குக் காது மடல் சுட்டது. வாய்வரை வந்ததை, இருபத்திமூன்று வருஷத் தாம்பத்தியத்தில் முதல்முறையாக, அப்படியே உள்ளே தள்ளினாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: யாரும் பிடிக்காமல், அட்டையைக் காட்டாமல், அவராகவே சொல்லியிருக்கிறார். அவளுக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான். ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நின்றவர்கள் பார்ப்பார்களே என்று குனிந்துகொண்டாள்.

"நிஜத்தைச் சொன்னதுக்கு நன்றிங்க" என்றாள். "இப்ப ஏன்னு சொல்லுங்க."

"என் மச்சான் வீட்டு பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் சரியில்லைங்க. எந்த நேரத்துல யாரு கதவைத் தள்ளிக்கிட்டு வருவாங்கன்னே தெரியாது. அங்க போய் அந்த மாத்திரையை எப்படிங்க போடறது?"

அக்கா பேனாவை எடுத்து, ஏழாவது வரியில் 'ஏன்' கட்டத்துக்குள் 'மச்சான் வீட்டுத் தாழ்ப்பாள்' என்று எழுதினாள். அடுத்த பெயருக்குப் போவதற்கு முன்னால் தன் அண்ணனுக்கு ஒரு ஃபோன் போட்டு, அடுத்த சனிக்கிழமைக்குள் புதுத் தாழ்ப்பாள் போட்டாக வேண்டும் என்று சொன்னாள்.